கார்ப்பெட் சலவையில் பிஎச் சமன் செய்தல்: சேலத்துத் தண்ணீருக்கும் ஏற்காட்டுப் பனிக்கும் ஏற்ற வழிமுறை

தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களாவின் கூடத்தில் விரித்திருந்த கம்பளி விரிப்பைச் சுத்தம் செய்து முடித்து, மங்கிக் கிடந்த அதன் சந்தன நிறம் துலங்கி வந்த மகிழ்ச்சியோடு மலையிறங்கினேன். மறுநாள் காலையில் வீட்டுக்கார அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்குப் பாத்தா டீத்தண்ணி கொட்டுனாப்புல அங்கங்க பழுப்பேறிக் கெடக்கு" என்றார்.

செயற்கை இழைக்கென்று கலக்கும் காரமான கரைசலையே நான் அந்தக் கம்பளியின் மேலும் தெளித்திருந்தேன். பிறகு வெறும் போர்த் தண்ணீரால் அலசியிருந்தேன். ஜன்னல்களைத் திறந்து வைத்தால் காற்றோட்டத்தில் காய்ந்துவிடும் என்று எண்ணி, இரவு முழுவதும் மூடுபனி அறைக்குள் வர வழி செய்துவிட்டும் வந்திருந்தேன். விரிப்பின் அடியில் இருந்த சணல் பாவில் ஊறி நின்ற காரம், சணலில் இயல்பாகவே உள்ள லிக்னின் முதலான பழுப்புப் பொருள்களைக் கரைத்தது. ஈரம் மேல்நோக்கி ஏறி ஆவியானபோது, அந்தப் பழுப்பும் கூடவே ஏறி இழைகளின் நுனியில் தங்கிவிட்டது. அழுக்கை எடுத்தேனே தவிர, அழுக்கை எடுப்பதற்காக நான் ஊற்றிய காரத்தை எடுக்கவில்லை. இத்தொழிலில் புதிதாக இறங்கியிருப்பவர்களுக்கும், ஹோட்டல்களிலும் மண்டபங்களிலும் ஹவுஸ்கீப்பிங் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் அந்தத் தவறு நேராதிருக்க, காரத்தை எந்த விரிப்பில் எவ்வளவு கூட்டலாம், அதை எப்படி இறக்குவது, இறங்கிவிட்டது என்பதை எப்படி உறுதி செய்வது என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பிஎச் எண்ணும் அதற்குப் பின்னால் உள்ள காரமும்

1909-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேதியியலாளர் சோரன்சென் வகுத்த பிஎச் அளவுகோலில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம் என்பது பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. தொழிலில் நாம் மறந்துவிடுவது, இதில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதைத்தான். பிஎச் 10 உள்ள கரைசல், 8 உள்ளதைவிட நூறு மடங்கு காரமானது. ஆகவே, "இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசினால் காரம் போய்விடும்" என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தால்தான் ஓர் எண் இறங்கும். அதுவும் காஸ்டிக் சோடா போன்ற எளிய காரமாக இருந்தால் மட்டும்.

விரிப்பில் படியும் அழுக்கில் பெரும்பகுதி மண்ணும் தூசியுமே. அது வேக்குவம் கிளீனரிலேயே வந்துவிடும். இழையோடு ஒட்டிக்கொண்டு வர மறுப்பது பாதங்களின் வியர்வையும், தோலின் எண்ணெய்ப் பசையும், சிந்திய உணவும், தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவியும் சேர்ந்த பிசுக்கு. இது பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. காரம் இந்தப் பிசுக்கில் உள்ள கொழுப்பு அமிலங்களைச் சோப்பாக மாற்றி, நீரோடு கலந்து வரச் செய்கிறது. எண்ணெய்ப் பாத்திரம் துலக்க நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலை எடுத்ததும் அதிலுள்ள காரத்தை நம்பித்தான். எனவே முதலில் காரம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. வேலை முடிந்த பின்னும் அது விரிப்பிலேயே தங்கினால்தான் தொல்லை: இழை பிசுபிசுத்து அடுத்த வாரமே புதிய அழுக்கைப் பிடிக்கும், சாயம் கசியும், சணலும் பருத்தியும் பழுப்பேறும், கம்பளி சொரசொரப்பாகும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் கலவை போடுபவர்களில் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பிஎச் எண் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு கரைசல்கள் ஒன்றாகிவிடுவதில்லை. காஸ்டிக் சோடாவை மிகக் குறைவாகக் கரைத்து பிஎச் 11 ஆக்கலாம். சலவைச் சோடாவைக் கரைத்தும் பிஎச் 11 ஆக்கலாம். தாளில் இரண்டும் ஒரே நிறத்தைத்தான் காட்டும். ஆனால் சலவைச் சோடாக் கரைசலை முழுவதும் சமன் செய்ய, மற்றதற்குத் தேவைப்படுவதைப்போல் பத்து மடங்குக்கும் மேலான அமிலம் வேண்டும், ஏனெனில் அது தன் காரத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. கேனின் லேபிளில் அச்சிட்டிருக்கும் பிஎச் எண்ணைப் பார்த்து அலசும் நீருக்கான அமிலத்தை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். அளக்க வேண்டிய இடம் விரிப்பு. வாளியை அளப்பது ஆயத்தம் மட்டுமே.

எந்த இழை எவ்வளவு காரத்தைத் தாங்கும்

சேலத்தில் திருமண மண்டபங்களில் மேடைக்கும் நடைபாதைக்கும் விரிக்கும் சிவப்புக் கார்ப்பெட் பெரும்பாலும் பாலிபுரோப்பிலின். அது ஒரு வகைப் பிளாஸ்டிக்தான்; பிஎச் 10, 11 வரை தெளித்தாலும் இழைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஹோட்டல் அறைகளிலும் அலுவலகங்களிலும் உள்ள நைலானுக்கு 9 முதல் 10 வரை போதும். அதற்கு மேல் காரமும் சூடும் ஒன்றாகச் சேர்ந்தால், கறை பிடிக்காதிருக்க ஆலையில் ஏற்றிய பூச்சு கழன்றுவிடும். அப்புறம் சிந்தும் ஒவ்வொரு சொட்டும் நிரந்தரக் கறை. கம்பளிக்கு 8.5-ஐத் தாண்டவே கூடாது. நம் தலைமுடியைப் போலவே கம்பளியும் கெரட்டின் என்னும் புரதம்தான். அதன் கட்டமைப்பைப் பிடித்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளைக் காரம் அறுத்துவிடும். சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் கம்பளி நூல் முழுவதுமே கரைந்து காணாமல் போகும். பருத்தி ஜமுக்காளம் காரத்தைத் தாங்குமென்றாலும் அதன் சாயம் தாங்குமா என்பதைத் தனியே சோதித்தே ஆக வேண்டும். பவானியிலிருந்து வந்த பழைய ஜமுக்காளங்கள் பல வீடுகளில் தாத்தா காலத்துச் சொத்து, அவற்றில் சோதனை முயற்சி வேண்டாம். பட்டுப்போல மின்னும் விஸ்கோஸ் விரிப்புகள் நனைந்தாலே வலுவிழப்பவை. அவற்றுக்கு நடுநிலைக் கரைசல், குறைந்த ஈரம், அவ்வளவுதான்.

இழை எதுவென்று தெரியாவிட்டால், யாருக்கும் தெரியாத ஓரத்திலிருந்து இரண்டு நூல்களைப் பிடுங்கி, வெளியே கொண்டுபோய்க் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, தானே அணைந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. காகிதம்போல் எரிந்தால் பருத்தி, சணல் அல்லது விஸ்கோஸ். உருகி மணியாக உறைந்தால் செயற்கை இழை. அதே நூலைத் தண்ணீரில் போட்டால் மிதப்பது பாலிபுரோப்பிலின், மூழ்குவது நைலான் அல்லது பாலியெஸ்டர்.

அடிப்பாவையும் புரட்டிப் பார்க்க மறக்காதீர்கள். மேலே எந்த இழையாக இருந்தாலும், அடியில் சணல் இருந்தால் அந்த விரிப்பைச் சணல் விரிப்பாகவே நடத்துங்கள்.

தண்ணீரை முதலில் அறிந்துகொள்ளுதல்

சேலத்தில் ஒரே தெருவில் இரண்டு வகைத் தண்ணீர் ஓடுகிறது. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் ஒன்று. பாறையைத் துளைத்து எடுக்கும் போர்த் தண்ணீர் மற்றொன்று. வெந்நீர் ஹீட்டரின் கம்பியில் படியும் வெள்ளைப் படலத்தைப் பார்த்தாலே இரண்டாவதன் இயல்பு விளங்கும். போர்த் தண்ணீரில் கால்சியம், மெக்னீசிய உப்புகளோடு பைகார்பனேட் என்னும் காரமும் கரைந்திருக்கிறது. நீங்கள் அலசுவதற்காகச் சேர்க்கும் அமிலத்தை முதலில் அந்தப் பைகார்பனேட்தான் தின்னும்; மிச்சம்தான் விரிப்புக்குப் போய்ச் சேரும்.

ஒரு கணக்கைச் சொன்னால் இது தெளிவாகும். 1 லிட்டருக்கு 1 கிராம் சிட்ரிக் அமிலம், அதாவது கடைகளில் எலுமிச்சை உப்பு என்று தருவது, ஆர்ஓ தண்ணீரில் கரைந்தால் பிஎச் 3-க்கும் கீழே இறங்கிவிடும். அதே 1 கிராம், காரத்தன்மை 1 லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள போர்த் தண்ணீரில் கரைந்தால் 4.3-ஐ ஒட்டித்தான் நிற்கும். வெள்ளை வினிகராக இருந்தால், அதே போர்த் தண்ணீரில் 1 லிட்டருக்கு 20 மில்லி ஊற்றினால் 4.5-ஐ ஒட்டி வரும். ஆகவே, இணையத்தில் யாரோ எழுதிய அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் தொட்டித் தண்ணீருக்கு உங்கள் அளவைக் கண்டுபிடித்து, மெஷினின் மேலேயே எழுதி ஒட்டி வையுங்கள். வாடிக்கையாளர் வீட்டில் தண்ணீர் பிடிப்பதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் புதிதாக அளந்தாக வேண்டும். டிடிஎஸ் மீட்டரை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது; அது கரைந்த உப்பின் மொத்த அளவைச் சொல்லுமே தவிர, அது காரமா அமிலமா என்பதைச் சொல்லாது. அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் காரத்தன்மைச் சோதனைச் சொட்டு மருந்து இந்த வேலைக்குப் போதுமானது.

சிட்ரிக் அமிலத்துக்கும் வினிகருக்கும் இடையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு என் கருத்து: உப்புத் தண்ணீராக இருந்தால் சிட்ரிக் நல்லது, ஏனெனில் அது கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் அளவு கூடினால் காய்ந்த பின் இழையில் மாவுபோலத் தங்கும். வினிகர் ஆவியாகிவிடும், தங்காது. ஆனால் அதன் வாடை ஓர் இரவு நிற்கும், ஹோட்டல் அறைக்கு அது ஆகாது.

அளக்கும் கருவிகள்

பிஎச் தாள் போதும். 0 முதல் 14 வரை பொதுவாகக் காட்டும் தாளைவிட, அரை எண் இடைவெளியில் நிறம் மாறும் தாள் வாங்கினால் வேலைக்கு ஆகும். டிஜிட்டல் மீட்டர் வைத்திருப்பவர்கள், வாரம் ஒருமுறையாவது 7, 4, 10 ஆகிய பஃபர் கரைசல்களில், அதாவது பிஎச் இன்னதென்று முன்பே தெரிந்த கரைசல்களில், அதைச் சரிபார்க்க வேண்டும். முனையை உலர விடாமல் அதற்குரிய கரைசலில் வைத்திருக்க வேண்டும். சூடான கரைசலை ஆற வைத்த பிறகே அளக்க வேண்டும்.

விரிப்பை அளக்கும் முறை எளியது. கையகல இடத்தில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைச் சில சொட்டுகள் விட்டு, விரலால் இழைக்குள் அழுத்தி, அரை நிமிடம் கழித்துத் தாளை வைத்து மேலிருந்து அழுத்திப் பிடித்து நிறத்தைப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் விட்டால் அந்தத் தண்ணீரின் பிஎச்தான் தெரியும். மனிதர் நடமாட்டம் மிகுந்த நடுப்பகுதி, யாரும் மிதிக்காத ஓரம், சந்தேகமான கறை என மூன்று இடங்களிலாவது வேலைக்கு முன்பே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஓரத்திலேயே 8-க்கு மேல் காட்டினால், முன்பு யாரோ காரத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பொருள். அந்த விரிப்புக்கு மறுபடியும் காரம் தெளிப்பதற்கு முன், அமிலம் கலந்த நீரில் ஒருமுறை அலசிப் பார்ப்பது நல்லது. பல சமயங்களில் அதிலேயே பாதி அழுக்கு வந்துவிடும்.

என்னோடு வேலை கற்கும் பையன்களுக்கு நான் முதலில் தருவது மஞ்சள் தாள். லீ பஜாரில் வாங்கிய கிழங்கு மஞ்சளைப் பொடித்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கி, தெளிந்ததை வடித்து, வெள்ளை வடிதாளை அதில் தோய்த்து நிழலில் உலர்த்தினால் ஆயிற்று. வெயிலில் உலர்த்தினால் மஞ்சள் வெளுத்துவிடும். காரம் பட்டால், அதாவது பிஎச் ஏறத்தாழ 8.5-ஐத் தாண்டினால், மஞ்சளில் உள்ள குர்குமின் செந்நிறமாகும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் சிவக்கிறதே, அதே மாற்றம்தான். இந்தத் தாளை விரிப்பில் நேரடியாக வைக்கக் கூடாது, கறையாகிவிடும். ஈரமான வெள்ளைத் துணியை விரிப்பில் ஒற்றியெடுத்து, அந்தத் துணியைத் தாளில் தொட்டுப் பாருங்கள். சிவந்தால் இன்னும் அலச வேண்டும். எண் தெரியாது, ஆனால் படிக்காத ஆளும் தன் கண்ணால் பார்த்து "இன்னும் முடியலை" என்று சொல்லக்கூடிய சோதனை இது.

வேலை செய்யும் முறை

முதலில் வேக்குவம். இதில் அவசரப்படாதீர்கள், மண்ணை ஈரமாக்கினால் சேறு, உலர்ந்திருக்கும்போதே எடுத்தால் தூசி. ஏற்காட்டின் செம்மண் ஒட்டிய விரிப்பிலும், மேக்னசைட் சுரங்கங்கள் உள்ள பக்கத்திலிருந்து வரும் வெண்தூசி படிந்த விரிப்பிலும், ஒரே இடத்தில் நான்கு திசைகளிலும் இழுத்தெடுத்த பிறகே தண்ணீர்ப் பக்கம் போக வேண்டும்.

அடுத்து சாயச் சோதனை. தெளிக்கப்போகும் கரைசலிலேயே வெள்ளைத் துணியை நனைத்து, விரிப்பின் மூலையில் ஐந்து நிமிடம் அழுத்தி வையுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தக் கரைசல் அந்த விரிப்புக்கு ஆகாது. கம்பளியிலும் நைலானிலும் உள்ள அமிலச் சாயங்கள் காரத்தில் கசியும், அமிலத்தில் நிலைக்கும். ஆகவே 9-இல் கசிந்த சாயம் 7-இல் கசியாமல் நிற்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

பிறகு முன்தெளிப்பு, அதாவது இழைக்கேற்ற பிஎச்சில் கலந்த கரைசலை அலசுவதற்கு முன் தெளிப்பது. விரிப்பு சொட்டச் சொட்ட நனையத் தேவையில்லை, இழையின் பாதி ஆழம் வரை இறங்கினால் போதும். பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் ஊற விட்டு, அந்த நேரத்தில் பிரஷ்ஷால் அல்லது சுழலும் மெஷினால் மெல்லத் தேய்த்துக் கொடுங்கள். இடையில் காய்ந்துவிடக் கூடாது. சித்திரை வெயிலில் சேலத்து மண்டபத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் ஏழெட்டு நிமிடத்திலேயே மேற்பரப்பு உலர்ந்துவிடுகிறது. அப்படி உலர்ந்த காரம் இழையில் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அதை எடுக்க இரண்டு மடங்கு வேலை. ஆகவே கோடையில் சிறு பகுதிகளாகப் பிரித்துத் தெளியுங்கள், மின்விசிறியை நிறுத்தி வையுங்கள்.

இப்போது, நீரைப் பாய்ச்சி உடனே உறிஞ்சியெடுக்கும் எக்ஸ்ட்ராக்ஷன் மெஷினின் தொட்டியில் அமிலம் கலந்த நீர். நைலானுக்கும் மற்றச் செயற்கை இழைகளுக்கும் தொட்டி நீர் 4 முதல் 4.5 வரை இருந்தால், விரிப்பில் மிஞ்சிய காரத்தோடு சேர்ந்து கடைசியில் 6 அல்லது 7-இல் வந்து நிற்கும். கம்பளிக்கும் சணல் அடிப்பாவுக்கும் அதே நீரை வைத்து, அளந்து பார்த்து, 5 முதல் 6 வரை இறங்கும்படி இன்னொரு முறை ஓட்டலாம். கம்பளிக்குச் சூடு மிதமாக இருக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் வேண்டாம். நீர் பாய்ச்சிக்கொண்டே ஒரு இழுப்பு, நீரை நிறுத்திவிட்டு உறிஞ்சல் மட்டும் இரண்டு அல்லது மூன்று இழுப்பு என்ற வரிசையை விடாதீர்கள். உறிஞ்சப்படாத நீரில் காரம் அப்படியே இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால், உலர் இழுப்பைக் குறைக்க மனம் வராது.

இதில் ஒரு விலக்கு உண்டு. வீட்டில் துணி துவைக்கும் பார் சோப்பைக் கரைத்து விரிப்பைத் தேய்த்திருந்தால், நேரடியாக அமில நீரை விடக் கூடாது. அமிலம் பட்டதும் சோப்பு மறுபடியும் கொழுப்பு அமிலமாகப் பிரிந்து, மெழுகுபோல இழையில் ஒட்டிக்கொள்ளும். முதலில் வெதுவெதுப்பான காவிரித் தண்ணீரில் சோப்பை முழுவதும் எடுத்துவிட்டுப் பிறகு அமிலத்துக்கு வாருங்கள்.

முடித்த கையோடு, தொடங்கும்போது அளந்த அதே மூன்று இடங்களில் மீண்டும் அளக்க வேண்டும். நடுப்பகுதியில் எண் கூடுதலாக இருந்தால் அங்கே மட்டும் இன்னோர் அமில அலசல் கொடுங்கள். 4.5-க்கும் கீழே போய்விட்டால் நல்ல நீரில் ஒரு முறை இழுத்துவிடுங்கள். அமிலம் கூடினாலும் நல்லதல்ல, குறிப்பாக நைலானுக்கும் பருத்திக்கும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரே ஒரு பத்தி, ஆனால் கண்டிப்பாக. பிளீச்சிங் திரவத்தோடு எந்த அமிலமும் சேரக் கூடாது; குளோரின் வாயு எழுந்து மூச்சையே அடைக்கும். முன்பு பிளீச் வைத்திருந்த தெளிப்பானில் அமிலத்தை ஊற்றுவதும் அதே ஆபத்துதான். கையுறையும் கண்ணாடியும் காரத்துக்கும் அமிலத்துக்கும் பொது. மார்பிள் தரையில் அமில நீர் சொட்டினால் பளபளப்பு போய்விடும். ஓரங்களில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிஎச் தெரிந்தால் எளிதாகும் கறைகள்

அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மண்டபத்தில், புதிதாகச் சேர்ந்த பையன் முன்தெளிப்பு அடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று அலறினான்: "அண்ணே, சாம்பார் கறை ரத்தமாட்டஞ் செவந்துபோச்சு!" கரைசலைத் தெளிக்கும்வரை வெளிர் மஞ்சளாக இருந்த கறை, காரம் பட்டதும் சிவந்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, அமில நீரை விட்டதும் மீண்டும் மஞ்சளாயிற்று. ஆனால் மஞ்சள் மஞ்சளாக அங்கேயேதான் இருந்தது. சாம்பாரின் எண்ணெயைக் காரம் எடுத்துவிடும்; நிறத்தை எடுப்பது வேறு வேலை. எண்ணெய் போன பிறகு அமிலத்தில் சமன் செய்து, செயற்கை இழை என்றால் சில நாள்கள் வெளிச்சம் படும்படி வைத்தாலே மஞ்சள் கணிசமாக மங்கும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் செய்த பழைய வகைக் குங்குமமும் இப்படியே நிறம் மாறும். சாயப்பொடி கலந்த குங்குமம் மாறாது, அது நிறத்திலேயே நிற்கும். இரண்டையும் ஒரு சொட்டு எலுமிச்சை உப்புக் கரைசலில் பிரித்தறியலாம்.

ஏற்காட்டில் காபிக் கறை இல்லாத விரிப்பைப் பார்ப்பது அரிது. கறுப்புக் காபி என்றால் வழி நேரானது: அதன் பழுப்பு காரம் பட்டால் இன்னும் இருண்டு இறுகும் என்பதால், முன்தெளிப்புக்கு முன்பே அமிலக் கரைசலால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். நம் ஃபில்டர் காபியில் பால் இருக்கிறது. அதில் முதலிலேயே அமிலத்தை விட்டால், பாலில் எலுமிச்சை பிழிந்ததுபோல இழைக்குள்ளேயே திரிந்து கட்டியாகும். சூடான நீரை விட்டாலும் பாலின் புரதம் இறுகும். ஆகவே பால் காபிக்கு, வெதுவெதுப்பான நீரில் நடுநிலை டிடர்ஜென்ட் சிறிது கலந்து, வெளியோரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றி, பாலையும் சர்க்கரையையும் எடுத்த பிறகே, மிஞ்சும் பழுப்புக்கு அமிலம்.

செல்லப் பிராணிகளின் சிறுநீர் புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் சற்று அமிலமாக இருக்கும். நாள்பட நாள்பட பாக்டீரியாக்கள் யூரியாவை அம்மோனியாவாக மாற்றுவதால் காரமாகிவிடும். பழைய நாய் மூத்திரக் கறையில் தாள் 9-ஐத் தொடுவதைப் பார்க்கலாம். அங்கே மேலும் காரம் தெளிப்பது வீண். அமிலத்தில்தான் தொடங்க வேண்டும்.

மலையில் உலர்த்துதல், பழுப்பைத் திரும்ப எடுத்தல்

சேலத்தில் நன்றாக உறிஞ்சிய நைலான் விரிப்பு மின்விசிறிக் காற்றில் அரை நாளுக்குள் காய்ந்துவிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில், ஐப்பசி கார்த்திகையில் பனி இறங்கும் மாலையில், அதே விரிப்பு மறுநாள்வரை ஈரமாகவே கிடக்கும். ஈரம் நிற்கும் நேரம் நீள நீள, அடிப்பாவில் இருப்பதெல்லாம் மேலே ஏறிவரும். எனவே மலையில் செய்யும் வேலையைக் காலையிலேயே தொடங்கி நண்பகலுக்குள் அலசி முடித்துவிடுவது நல்லது. பனி இறங்கத் தொடங்கியதும் ஜன்னல்களை மூடிவிட்டு, தரையை ஒட்டி வீசும் விசிறிகளை வைத்து, முடிந்தால் அறையின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரையும் ஓட விடுங்கள். சணல் அடிப்பாவு உள்ள விரிப்புக்கு மலையில் நான் வழக்கத்தைவிடப் பாதி நீரையே பயன்படுத்துகிறேன். அழுக்கு கொஞ்சம் மிஞ்சினால் இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

வெளிர் நிற விரிப்பின் மேல் மரச்சாமான்களின் கால்களை ஈரத்தோடு விடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மரத்தின் சாயமும் ஆணியின் துருவும் அந்த ஈரத்தில்தான் இறங்கும். ஒவ்வொரு காலின் அடியிலும் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வையுங்கள்.

பழுப்பேறிவிட்டால் மறுபடியும் காரத்தால் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க இன்னும் ஏறும். 1 லிட்டர் நல்ல நீரில் 10 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, ஓரத்தில் சோதித்துவிட்டு, பழுப்பான இடங்களில் மெல்லிய படலமாக மட்டும் தெளிக்க வேண்டும். அடிப்பாவு மறுபடியும் நனையக் கூடாது. அரை மணி நேரம் விட்டு, வெள்ளைத் துண்டால் ஒற்றி, நல்ல நீரால் லேசாக ஒருமுறை இழுத்து, உடனே விசிறி வைக்க வேண்டும்.

அன்று அந்த அம்மாளின் அழைப்பு வந்ததும், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மறுபடி ஏறிப் போய் இதைத்தான் செய்தேன். முதல் துண்டு டிக்காஷனில் நனைத்ததுபோலப் பழுப்பாக வந்தது, இரண்டாவதில் பாதி, நான்காவது துண்டு வெள்ளையாகவே வந்தது. பனி இறங்குவதற்கு முன் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, விசிறிகளை அவரிடமே விட்டுவிட்டு, கடைசியாகத் தாளை வைத்து அழுத்திப் பார்த்தேன். விரிப்பின் நடுவில் ஐந்தரை காட்டியது.